புகுந்தது யார்? ஹைதராபாதின் கோடையும் வனச்சரகரின் பதிவேடும்

2024 ஏப்ரல் 28 அதிகாலையில், ஹைதராபாதின் சம்ஷாபாத் விமான நிலையச் சுற்றுச்சுவரை ஒட்டிய பகுதியில் ஒரு சிறுத்தை தென்பட்டது. வனத்துறையினர் கூண்டுகளை வைத்தனர். உள்ளே ஆடுகளைக் கட்டினர். தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினர். கூண்டருகே வருவதும் விலகுவதுமாகச் சில இரவுகள் போக்குக்காட்டிய அந்த விலங்கு, மே 3 அன்று பிடிபட்டது. நேரு விலங்கியல் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விடுவதென முடிவாயிற்று. நகரம் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

அந்த ஆறு நாள்களின் செய்தித் தலைப்புகளை எந்த மொழியில் வாசித்தாலும் அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. எழுவாய்: சிறுத்தை. பயனிலை: புகுந்தது. புகுதல் என்ற வினைக்கு ஓர் உள்ளும் ஒரு புறமும் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு கோடும் வேண்டும். அக்கோட்டை யார், எப்போது வரைந்தார்கள் என்று அந்த வினைச்சொல் கேட்பதில்லை. சம்ஷாபாதில் ஏறத்தாழ 5,500 ஏக்கரில் அமைந்த விமான நிலையம் 2008 மார்ச்சில் திறக்கப்பட்டது. நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்தில் வெளிவட்டச் சாலை அமைந்தது. இவை வருமுன் அந்நிலம் வயல்களும் ஏரிகளும் கருங்கல் பாறைக் குன்றுகளும் முட்புதர்களுமாக இருந்தது. சிறுத்தை என்ற இனம் அங்கே பழையது, சுவர்தான் புதியது.

இக்கதையை வேறு வகையில் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வனச்சரகர்; அவரோடு அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் வனவரும் வனக்காப்பாளரும் கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலரும். அவர்களுடைய கோடை, தொலைக்காட்சியில் அலறல் கேட்கும் நாளில் தொடங்குவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பொதுமொழியோ அலறலில் தொடங்கிக் கூண்டில் முடிகிறது. இந்த இரண்டு கதைகளில் எதை நம்பிக் கொள்கை வகுக்கப்படுகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

வனச்சரகரின் கோடை எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். தெலங்கானாவின் காடுகளில் பெரும்பகுதி வறண்ட இலையுதிர் காடு. பிப்ரவரியில் தேக்கும் பிற மரங்களும் இலை உதிர்க்கத் தொடங்குகின்றன. தரை முழுவதும் சருகு. தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்வது, டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கண்டறிந்து கைபேசிக்கு அனுப்பும் தீ எச்சரிக்கைகளைப் பின்தொடர்ந்து ஓடுவது, பச்சைக் கிளைகளையும் இலை ஊதும் கருவிகளையும் கொண்டு தீயை அணைப்பது ஆகியவை அக்காலத்தின் அன்றாட வேலைகள். ஓடைகள் வற்றியதும் தட்டு வடிவில் கட்டப்பட்ட நீர்த்தொட்டிகளுக்குத் தண்ணீர் வேண்டும். ஆழ்துளைக் கிணறும் சூரிய ஒளியில் இயங்கும் பம்பும் உள்ள இடங்கள் போக, மற்ற இடங்களுக்கு டேங்கர் ஓட்ட வேண்டும். எந்தத் தொட்டியில் எத்தனை நாளில் நீர் தீர்கிறது, அதன் ஓரத்து ஈர மண்ணில் யாருடைய காலடி பதிந்திருக்கிறது என்பவற்றை அறிந்தவர் அந்த டேங்கருடன் செல்லும் காவலரே.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலுப்பை பூக்கிறது. தெலுங்கில் ‘இப்ப’ என்று வழங்கும் அம்மரத்தின் பூக்கள் விடியலில் உதிர்கின்றன. அவற்றைத் திரட்ட மனிதர் வருகின்றனர். தின்னக் கரடியும் வருகிறது. ஒரே மரத்தடி, ஒரே நேரம். பூ பொறுக்க வசதியாகச் சருகுக்கு வைக்கப்படும் சிறு நெருப்பு சில வேளைகளில் மலைச்சரிவு முழுவதற்கும் பரவுவதும் உண்டு. அதைத் தொடர்ந்து பீடி இலை பறிக்கும் பருவம். அப்போதும் மனிதர் குனிந்த நிலையில், காட்டுக்குள், காலை வேளையில். இச்சந்திப்புகளை முன்கூட்டியே கணிக்க மரம் பூக்கும் நாளும் தொட்டி வற்றும் நாளும் தெரிந்தால் போதும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

இவற்றுக்கு நடுவே கூட்டமும் சேருகிறது. நல்லமலைக் காடுகளில் 2,611 சதுரக் கிலோமீட்டர் பரந்த அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிச் சலேஸ்வரம் திருவிழா நடைபெறுகிறது. அருவியருகே உள்ள லிங்கத்தைக் காணச் சில நாள்களுக்குள் பெருந்திரளான மக்கள் கால்நடையாகப் பள்ளத்தாக்கில் இறங்குகின்றனர். பூசை செய்வோர் அக்காட்டின் பூர்வகுடிகளான செஞ்சு மக்கள். ஆண்டிலேயே மிக வெப்பமான, நீர் மிகக் குறைந்த வாரங்களில், புலி வாழும் காட்டின் நடுவே இது நடக்கிறது. வனத்துறை நெகிழியைத் தடுக்கிறது, வாகன நேரத்தை வரையறுக்கிறது, நெரிசலைக் கவனிக்கிறது. அக்காப்பகத்தை ஊடறுத்துச் செல்லும் ஸ்ரீசைலம் நெடுஞ்சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடையைச் செயல்படுத்துவதும், வழியில் குரங்குகளுக்குப் பிஸ்கட் எறிவோரைத் தடுப்பதும் அதே ஊழியர்களின் பொறுப்பே. சலேஸ்வரத்துக்கு மக்கள் ‘புகுந்தனர்’ என்று எந்த நாளேடும் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. அது அவர்களின் நம்பிக்கைக்குரிய இடம். ஆனால் ஒரு வினைச்சொல்லை யாருக்குத் தருகிறோம், யாருக்குத் தருவதில்லை என்பதைக் கவனிக்க அந்த விழா நல்ல எடுத்துக்காட்டு.

நகரின் விளிம்பில் பணிபுரியும் சரகரின் கோடை இதனின்றும் வேறுபட்டது. ஹைதராபாதுக்குள்ளும் அருகிலும் மூன்று தேசியப் பூங்காக்கள் உள்ளன: ஜூபிலி ஹில்ஸிலுள்ள காசு பிரம்மானந்த ரெட்டி பூங்கா, வனஸ்தலிபுரத்தின் மகாவீர் ஹரிண வனஸ்தலி, சில்கூரின் மிருகவனி. அவற்றின் எல்லைகளில் அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. தொலைபேசி அழைப்புகள் அங்கிருந்தும், வேலி தாண்டியும் வருகின்றன: கிணற்றில் மான், மொட்டைமாடியில் மயில், சமையலறையில் உடும்பு, நாய்கள் சூழ்ந்த மான்குட்டி. வெளியே தெரிவது மீட்புப் படலத்தின் கடைசிக் காட்சி மட்டுமே. சரகர் முதலில் எதிர்கொள்வது கைபேசி ஏந்திய கூட்டத்தை. விலங்கை அதற்குப் பின்னரே. மானினங்களைத் துரத்திப் பிடித்தால் அச்சத்தாலும் கடும் உழைப்பாலும் தசைகள் சிதைந்து, பிடிபட்ட சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ அவை இறக்கக்கூடும். 40 பாகையைத் தாண்டும் வெயிலில் அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. மயக்க ஊசி செலுத்தினால் மருந்து வேலை செய்வதற்குள் சிறுத்தை கூட்டத்தை நோக்கியே பாயலாம். ஆகவே பல வேளைகளில் சரியான செயல், எதுவும் செய்யாமல் கூட்டத்தை விலக்கி, இருட்டும்வரை காத்திருந்து, விலங்குக்கு வழிவிடுவது. ஆனால் ‘புகுந்தது’ என்ற தலைப்புக்கு ‘வழிவிட்டோம்’ என்பது விடையாகத் தோன்றுவதில்லை. ‘பிடித்தோம்’ என்பதே விடையாகத் தோன்றுகிறது.

சொல் இங்கேதான் செயலாகிறது. ‘மனித–விலங்கு மோதல்’ என்ற கலைச்சொல்லைப் பற்றி 2010இல் நில்ஸ் பீட்டர்சனும் சக ஆய்வாளர்களும் ‘கன்சர்வேஷன் லெட்டர்ஸ்’ இதழில் எழுப்பிய விமர்சனம் இத்துறையில் பரவலாக அறியப்பட்டது. மோதல் என்றதும் விலங்கு திட்டமிட்டு எதிர்நிற்கும் ஒரு தரப்பாகிவிடுகிறது என்பதே அதன் சாரம். தமிழில் இது மேலும் கூர்மையாகத் தெரிகிறது. தமிழ் இலக்கணம் விலங்கை அஃறிணையில் வைத்துப் பகுத்தறிவை அதற்கு மறுக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித் தலைப்போ ‘காட்டு யானைகள் அட்டகாசம்’ என்று அதே விலங்குக்கு உள்நோக்கத்தை வழங்குகிறது. அட்டகாசம் செய்ய எண்ணம் வேண்டும். இலக்கணத்தில் அஃறிணையாக இருப்பது தலைப்பில் குற்றவாளியாக உயர்திணை பெற்றுவிடுகிறது. தெலுங்கில் அடிக்கடி காணப்படும் ‘சிருத சஞ்சாரம்’, தமிழின் ‘சிறுத்தை நடமாட்டம்’ ஆகிய தொடர்கள் ஒப்பளவில் நடுநிலையானவை. எனினும் அவற்றை அடுத்து ‘கலகலம்’ என்றோ ‘பீதி’ என்றோ ஒரு சொல் வந்து நின்றுவிடுகிறது.

மனிதச் செயலைக் குறிக்கும்போது நிகழ்வது இதற்கு நேரெதிர். காடு ‘அழிக்கப்பட்டது’, நிலம் ‘சமன்படுத்தப்பட்டது’, புதர்கள் ‘அகற்றப்பட்டன’. எல்லாம் செயப்பாட்டுவினை, வினைமுதல் மறைந்துவிட்டது. விலங்குக்குச் செய்வினையும் மனிதருக்குச் செயப்பாட்டுவினையும் என்ற இந்தப் பங்கீடு யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் அதன் விளைவு, பொறுப்பு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே சேராமல் போவது.

2025ஆம் ஆண்டின் கோடை இதற்குச் சான்று. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தில் மார்ச் இறுதியில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. மாணவர்கள் போராடினர். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளை நிறுத்தியது. ஏறத்தாழ 100 ஏக்கரில் மரங்களும் புதர்களும் அதற்குள் போய்விட்டன. அந்நாள்களில் புள்ளிமான்கள் விடுதிப் பக்கமும் குடியிருப்புப் பக்கமும் வந்தன; நாய்கள் கடித்து ஒரு புள்ளிமான் இறந்தது. புள்ளிமான் தெலங்கானாவின் மாநில விலங்கு. அந்த மான் எங்கிருந்து எங்கே ‘புகுந்தது’ என்று எழுதினால் பொருந்தும்? இயந்திரம் புகுந்தது, மான் வெளியேறியது. வினைகளை இடம் மாற்றிப்போட்டால் மட்டுமே அந்த வாரம் நடந்ததைச் சரியாகச் சொல்ல முடிகிறது.

அந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அது காடே இல்லை என்பது அரசுத் தரப்பின் நிலைப்பாடு. மறுபுறம், கதறும் மயில்களும் ஓடும் மான்களுமாகச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. பொய்ப் படங்கள் பரவியதால் மெய்யான மான்களையும் ஐயுறும் நிலை வந்தது. அந்நிலத்தில் வாழ்ந்த உயிர்களைப் பற்றிய களப்பதிவுகள், நாள் வாரியாக, இடம் வாரியாக, பொதுமக்கள் பார்வைக்கு முன்பே இருந்திருந்தால், ‘இருந்தன’, ‘இல்லை’ என்ற வாதத்துக்கு இவ்வளவு இடம் இருந்திராது. ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட காட்டுயிர்களைக் காக்க உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலத்தின் காட்டுயிர்க் காப்பாளருக்குப் பணித்தது. வெட்டியபின் அழைக்கப்படும் அலுவலரை வெட்டுவதற்கு முன் ஏன் யாரும் கேட்கவில்லை என்ற வினா அந்த ஆணையின் நிழலில் நிற்கிறது.

கேட்காததற்கு ஒரு காரணமும் சொல்லில்தான் இருக்கிறது. ‘காஞ்ச’ என்பது வேலியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லோடு உறவுடையது. தெலங்கானாவில் மேய்ச்சலுக்கென ஒதுக்கிய நிலத்தைச் சுட்டுவது. தமிழில் எழுத்துப்பெயர்ப்பின்போது சிலர் அதைப் போதைப்பொருளின் பெயராக்கிவிட்டது ஒரு வேடிக்கை. கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடு ஏறத்தாழ இதற்கு இணை. ஆனால் வருவாய்த் துறையின் மொழியில் இத்தகைய நிலத்துக்கு மதிப்பில்லை. ‘தரிசு’ என்று ஒருமுறை எழுதினால் அதில் வாழ்வன எல்லாம் கணக்கிலிருந்து மறைகின்றன. ‘புறம்போக்கு’ வரி விதிப்புக்குப் புறம்பான பொதுநிலத்தின் பெயராக இருந்து வசைச்சொல்லாக இழிந்த வரலாறு தமிழருக்குத் தெரிந்ததே. இந்தியாவின் தரிசு நில வரைபடத் தொகுப்பைத் தயாரிக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் அமைந்திருப்பதும் ஹைதராபாதில்தான். அத்தொகுப்பில் புதர்நிலங்களும் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. தக்காணத்தின் புதர்க்காடு கோடையில் பழுப்பாகத்தான் இருக்கும். வேனிலைப் பாலைக்குரிய பெரும்பொழுதாக வகுத்த மரபுக்கு, நிலம் காய்ந்திருப்பதும் நிலம் இறந்திருப்பதும் வேறுவேறு என்பது புதிய செய்தியன்று.

சட்டமும் இவ்விடத்தில் மொழியை நாடியது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘காடு’ என்பதை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும், உரிமையாளர் யாராயினும் சரி, என்றது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபின் எழுந்த வழக்கில், 2024 பிப்ரவரியில் அதே பொருளை இடைக்காலத்துக்குத் தொடருமாறு கூறியது. ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு ஏக்கரைக் காக்கும், எவ்வளவு ஏக்கரைக் கைவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சரகரின் அதிகாரம் பதிவேட்டில் காடென்று எழுதப்பட்ட இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவர் பொறுப்பிலுள்ள விலங்கோ அந்த எழுத்தைப் படித்துவிட்டு நடப்பதில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்பு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. ஆட்டை இழந்தவரிடம், குழந்தையை வெளியே அனுப்ப அஞ்சும் தாயிடம், ‘புகுந்தது என்று சொல்லாதீர்கள்’ என்று அறிவுரை கூறுவது வசதி படைத்தோரின் சொல்விளையாட்டாகத் தோன்றும். அச்சம் உண்மையானது, இழப்பும் உண்மையானது. 2020 மே மாதம், ஊரடங்கின்போது, காட்டேதான் பகுதியில் பட்டப்பகலில் சாலை நடுவே சிறுத்தை படுத்திருந்ததைக் கண்டவர்களின் நடுக்கத்தை இலக்கணத்தால் தணிக்க முடியாது. மேலும், வனத்துறையின் மொழி எப்போதும் நியாயமானது என்றும் கொள்ள இயலாது. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தோரை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று குறித்ததும் அத்துறையின் ஏடுகளே. 2022 நவம்பரில் பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்தில் வனச்சரகர் சீனிவாச ராவ், போடு சாகுபடி நிலத் தகராறில் கொல்லப்பட்டார். அத்துயரத்தின் பின்னணியிலும் தீர்க்கப்படாத நில உரிமைச் சிக்கல் உண்டு. சரகரைப் புனிதராக்குவதால் பயனில்லை. அவர் தனக்குப் பின்னால் நிற்கும் அரசுக்கும் தனக்கு முன்னால் நிற்கும் மக்களுக்கும் இடையே, சட்டத்தின் மிகக் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவர்.

ஆயினும் மொழியை மாற்றுவது அச்சத்தை மறுப்பதாகாது. அச்சத்துக்குப் பயனுள்ள விடை தருவதாகும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் 2001ஆம் ஆண்டு தொடங்கிச் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறிடங்களில் விட்டனர். அதன்பின் மனிதர் மீதான தாக்குதல்கள் கூடின என்று வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் காட்டினர். அதே மாநிலத்தின் அகோலேயில், கரும்பு வயல்கள் சூழ்ந்த, மக்கள் நெருங்கி வாழும் பகுதியில் 100 சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து முதிர்ந்த சிறுத்தைகள் இருப்பதையும் அவர்களது கேமராக்கள் பதிவுசெய்தன. அங்கே அவை புகவில்லை, வாழ்ந்தன. 2011இல் ஒன்றிய அரசு வெளியிட்ட சிறுத்தை வழிகாட்டு நெறிகள், கண்ணில் பட்டவுடன் பிடித்து இடம்மாற்றும் வழக்கத்தை ஊக்குவிக்கவில்லை. மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி அதே ஆண்டில் தொடங்கிய முயற்சி, குப்பை அகற்றுதல், நாய்கள், விளக்குகள் ஆகியவற்றோடு செய்தியாளர்களுக்கான பயிலரங்குகளையும் சேர்த்துக்கொண்டது. சிறுத்தைச் செய்திகளின் தொனி அதன்பின் அச்சத்திலிருந்து புரிதலை நோக்கி நகர்ந்ததாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. வால்பாறையில் யானை நிற்கும் இடத்தை மக்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாடு, எச்சரிக்கை விளக்குகளோடு சேர்ந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பலரின் உயிரைக் காக்க உதவியது. ‘அட்டகாசம்’ என்ற சொல் தராத ஒன்றை அந்தக் குறுஞ்செய்தி தந்தது: இடமும் நேரமும்.

இடமும் நேரமும் சரகரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தத் தொட்டி எப்போது வற்றியது, எந்தத் திசையில் தீ பரவியது, எந்த வேலி எந்த மாதம் எழுந்தது, அதன்பின் எந்தச் சாலையில் முதல் காலடி காணப்பட்டது என்பவற்றைக் கோத்தால், ‘திடீரென்று’ என்ற சொல்லே பெரும்பாலான செய்திகளிலிருந்து உதிர்ந்துவிடும். ஆனால் அப்பதிவுகள் அலுவலகங்களில் உறங்குகின்றன. கல்விப்புலமும் இதில் குற்றமற்றதன்று. 2022ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் களப்பணியாளர்கள் 6 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே தடயம் பதிந்தனர். 32,588 இடங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டன. சராசரி மதிப்பீடு 3,682 புலிகள் என்றானது. அந்த எண் எத்தனையோ ஆய்வேடுகளின் முதல் பத்தியில் இடம்பெறுகிறது. அதற்காக நடந்த கால்கள் நன்றியுரையில் ‘களப்பணியாளர்களுக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. அங்கும் வினைமுதல் மறைந்துவிட்டது: ‘தரவுகள் திரட்டப்பட்டன’.

செய்யத்தக்கவை சிலவே, அவற்றுக்குப் பெருஞ்செலவும் ஆகாது. முதலாவதாக, காட்டுயிர் எதிர்ப்பட்ட ஒவ்வொரு நிகழ்வின் சுருக்கப் பதிவையும், வேட்டைக்கு உதவக்கூடிய துல்லியமான இடக்குறிப்புகளை நீக்கிவிட்டு, வனத்துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதில் விலங்கு என்ன செய்தது என்பதோடு, அவ்விடத்து நிலம் அண்மையில் எவ்வாறு மாறியது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். இரண்டாவதாக, நகர விரிவாக்கத்துக்கு நிலம் ஒதுக்குமுன், அது பதிவேட்டில் காடாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்பகுதிச் சரகரின் எழுத்துப்பூர்வமான குறிப்பு கேட்டுப் பெறப்பட வேண்டும். மூன்றாவதாக, பல்கலைக்கழகங்களின் மொழியியல், இதழியல் துறைகள் தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் செய்தியாளர்களுக்குரிய ஒரு சிறு சொற்கோவையை உருவாக்கலாம். ‘வனவிலங்கு’ என்பதற்குப் பதிலாகத் தியடோர் பாஸ்கரன் வலியுறுத்திய ‘காட்டுயிர்’ இன்று தமிழில் வேரூன்றிவிட்டது. ‘மோதல்’ என்பதற்குப் பதிலாக ‘எதிர்கொள்ளல்’ என்று இயற்கை எழுத்தாளர் சிலர் எழுதிவருகின்றனர். சொற்கள் மாறும் என்பதற்கு இவை சான்று. நான்காவதாக, களப்பணியாளர் திரட்டிய தரவில் நிற்கும் ஆய்வுக் கட்டுரை அவர்களின் பெயரை, அவர்கள் இசைந்தால், வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செஞ்சுக் காவலர் ஒருவர் காலடியைப் பார்த்து விலங்கின் பாலினத்தையும் நடையின் வேகத்தையும் கணிப்பது ‘உள்ளூர்த் தகவல்’ என்ற தலைப்பில் ஒதுக்கத்தக்கதன்று. அது முறையான அறிவு.

அடுத்த கோடையும் வரும். தொட்டிகள் வற்றும், இலுப்பை உதிரும், நகரின் ஏதோ ஒரு சுவரருகே ஏதோ ஒரு விலங்கு கண்ணில் படும். அன்று வெளியாகும் முதல் செய்தியில் ஒரு வாக்கியம் மட்டும் கூடுதலாக இருந்தால் போதும்: அச்சுவர் எந்த ஆண்டு எழுந்தது என்பது. அதை எழுதச் செய்தியாளர் யாரிடமாவது கேட்டாக வேண்டும். கேட்டால் சொல்வதற்கு, டேங்கருடன் போய்த் திரும்பி, அன்றைய பதிவை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் சரக அலுவலகத்தில் இருக்கிறார்.